பழைய சுபாரு வைத்து உழைப்பவர்கள் விடக்கூடாத பிழைகள்

ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸில் இப்போது பழைய சுபாரு அவுட்பாக்கில் திரியும் பொடியன்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் விளங்குகிறது. புதுக் காரின் மாதக் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பழைய அவுட்பாக்கின் பின்சீற்றை மடித்தால் மணவறைச் சட்டம், ஸ்பீக்கர் பெட்டி, ஏணி என்று கேட்டதெல்லாம் உள்ளே போகும். ஸ்னோ கொட்டுகிற காலையிலும் றைவ்வேயை விட்டு வெளியே வரும். 1972இல் லியோன் ஸ்ரேஷன் வாகனுக்கு நாலு சில்லு இழுவை கொடுத்த காலத்தில் இருந்து அந்தக் கொம்பனி செய்துவருவது இந்த வேலையைத்தான்.

ஆனால் நானும் என் வயதுக்காரரும் இருபது வருசத்துக்கு முதல் விட்ட அதே பிழைகளை இவர்கள் வரிசையாய் விடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எண்ணெயை நேரத்துக்கு மாற்று, பற்றரியைப் பார் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது எந்தக் காருக்கும் பொது. 2000 தொடக்கம் 2012 வரையான 2.5 லீற்றர் அவுட்பாக், லெகசி வாகன்களில் காசைக் கரைக்கிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஆணி குத்திய ரயரை மட்டும் மாற்றுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

மருமகன் முறையான ஒருவன் 2008 அவுட்பாக் வாங்கினான். கலியாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிற தொழில். கிலோமீற்றர் கூட என்றாலும் நல்ல கார். ஒருநாள் முன் ரயரின் பக்கச் சுவரில் ஆணி ஏறிவிட்டது. பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்ட முடியாது. கிட்ட இருந்த ரயர்க் கடையில் கொண்டுபோய் விட்டான். அவர்கள் புது ரயர் ஒன்றைப் போட்டு, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. கடையில் ஒருவராவது "தம்பி, இது நாலு சில்லும் இழுக்கிற கார்" என்று வாய் திறக்கவில்லை. வேறு பிராண்ட் ரயர் வேறு.

எனக்குத் தெரியவந்தபோது கேட்டேன். "ஒண்டிலதானே மாமா ஆணி குத்தினது? மற்ற மூண்டும் இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்றான்.

முன்சில்லு மட்டும் இழுக்கிற கொரொல்லாவுக்கு அந்தக் கணக்குச் சரி. இதற்குச் சரிவராது. புது ரயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். பாதி தேய்ந்ததில் 4. சில்லின் ஆரம் 4 மில்லிமீற்றர் குறைந்தால் சுற்றளவு 25 மில்லிமீற்றர் குறையும். இந்தக் காரின் ரயர் ஒரு சுற்றில் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே உருளும். அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தேய்ந்த ரயர் புதியதைவிட ஐந்து தரம் கூடச் சுற்ற வேண்டும். இங்கேயிருந்து மொன்றியல் போய்ச் சேருவதற்குள் அது 2,500 சுற்றுக்கு மேல்.

வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தைத் தாங்க நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. ஓட்டோமற்றிக்கில் அது எண்ணெயில் ஊறிக் கிடக்கிற கிளச்சுத் தட்டுகளின் அடுக்கு. மனுவலில் சிலிக்கோன் திரவம் நிரப்பிய விஸ்கஸ் கப்ளிங். வளைவு முடியும் வரை சில விநாடி வழுக்கிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. ரயர்கள் பொருந்தாவிட்டால் 401 ஹைவேயில் நேரே போகும்போதும் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறும். தட்டு தேயும், திரவம் கெட்டுப்போகும். கடைசியில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பொடியனுக்கும் அதுதான் நடந்தது. சில மாதம் கழித்து, மண்டபத்துப் பார்க்கிங்கில் ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டித் திருப்பும்போது கார் விக்கத் தொடங்கியது. பின்னால் யாரோ பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி இழுக்கும், துள்ளும், பிறகு விடும். கராஜில் சிவி ஆக்சில், அதாவது சில்லைச் சுழற்றுகிற தண்டு, பிழை என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றினான். விக்கல் நிற்கவில்லை. பிறகுதான் கியர்பொக்ஸின் பின்பகுதியைத் திறந்தார்கள். எல்லாமாய்ச் சேர்த்து இரண்டாயிரம் டொலருக்கு மேலே போனது. அந்தக் காசில் நல்ல ரயர் இரண்டு செற் வாங்கியிருக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஒண்டை மாத்தினால்தானே பிழை, நாங்கள் முன்னுக்கு ரெண்டையும் மாத்திப்போட்டம்" என்று நிம்மதியாகப் படுக்கிறவர்கள். நடுவில் இருக்கிற பகுதிக்கு அதுதான் கூடக் கேடு. ஒரு முன் ரயர் மட்டும் புதிதென்றால் அந்த வித்தியாசத்தில் பாதியை முன்சில்லு இரண்டுக்கும் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியல் வாங்கிவிடும், நடுவுக்குப் போவது மிச்சப் பாதி. முன்னுக்கு இரண்டும் புதிது, பின்னுக்கு இரண்டும் பழசு என்றால் முழுச் சுமையும் நடுவில்தான் விழும்.

சுபாரு சொல்கிற கணக்கு, நாலும் ஒரே பிராண்ட், ஒரே மொடல், சுற்றளவில் வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மில்லிமீற்றர் அளவு. பள்ளத்தின் ஆழத்தில் பார்த்தால் ஒரு மில்லிமீற்றர்தான் இடம். ஆழம் அளக்கிற சின்னக் கருவி சில டொலர்தான், காரிலேயே கிடக்கட்டும். ரயர் இன்னும் புதிதாக இருக்கும்போது ஆணி குத்தினால் அதே ரயரில் ஒன்றை வாங்கிப் போடலாம். பாதி தேய்ந்தபிறகு குத்தினால் வழி மூன்று: அதே மொடலில் அதே அளவு தேய்ந்த பாவித்த ரயர் ஒன்றைத் தேடுவது, புது ரயரை மற்றவற்றின் அளவுக்குச் சீவித் தருகிற இடத்தைப் பிடிப்பது, இல்லையென்றால் நாலையும் மாற்றுவது. முன்னையும் பின்னையும் ஒழுங்காக இடம் மாற்றி ஓடினால் நாலும் சேர்ந்து தேயும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தோடும் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

குட்டி ஸ்பெயர் சில்லுக்கும் இதே கதைதான். 2009 வரையான நாலு கியர் ஓட்டோமற்றிக்கில் பொனற்றுக்குக் கீழே எஃப்டபிள்யூடி (FWD, முன்சில்லு இழுவை) என்று எழுதிய வெறும் ஃபியூஸ் இடம் ஒன்று இருக்கும். ஸ்பெயரில் ஓடும்போது அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்சில்லுக்கு இழுவை போகாது. டாஷில் விளக்கும் எரியும். நல்ல ரயர் ஏறியதும் கழற்றிவிட வேண்டும். இந்தக் காரை வருசக்கணக்காய் ஓட்டுகிறவர்களில் கனபேருக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது.

வாங்கப் போகும்போது பொனற்றைத் திறக்க முதல் நாலு ரயரையும் குனிந்து பாருங்கள். நாலிலும் நாலு பெயர் இருந்தால் தேநீர் தந்தாலும் குடிக்காமல் வந்துவிடலாம். ரயர் சரியென்றால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வெறும் பார்க்கிங்கில் ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டி, மெதுவாய் இரண்டு பக்கமும் வட்டம் அடியுங்கள். விக்கினால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

கொக்கி போட்டு இழுக்க விடுவது

நாலு சில்லும் நிலத்தில் படாமல் காரை மேலே ஏற்றிக்கொண்டு போகிற பிளாட்பெட் லொறி மட்டும்தான். ரோட்டில் நின்று போன் அடிக்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

பெல்ற்றை மட்டும் மாற்றுவது

2012 வரையான 2.5 லீற்றர் எஞ்சினில் வால்வையும் பிஸ்ரனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற ரைமிங் பெல்ற் இருக்கிறது, 2013இல் இருந்து செயின். பெல்ற்றுக்குச் சொல்லியிருக்கிற தூரம் 168,000 கிலோமீற்றர். ஆனால் றப்பர் கிலோமீற்றரை மட்டும் பார்த்துப் பழசாவதில்லை, வயதையும் பார்க்க வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் முட்டி எஞ்சின் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது, பெல்ற் நல்லாய் இருக்கும்போதும் அது ஓடுகிற சின்ன உருளைகளின் பெயறிங் இறுகிப் பெல்ற்றைத் தின்றுவிடும் என்பது. காசு மிச்சம் பிடிக்கப் பெல்ற்றை மட்டும் மாற்றி, பழைய உருளை, பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அப்படியே விட்டால் மாற்றியதில் பலன் இல்லை. கூலி ஒரே கூலிதான். விற்கிறவர் "மாத்தினதுதான்" என்றால் பில் கேளுங்கள். பில்லில் இந்தச் சாமான்கள் எல்லாம் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எண்ணி விலை பேசுங்கள்.

மினுங்குகிற எஞ்சினைக் கண்டு மயங்குவது

இந்த எஞ்சின் படுத்துக் கிடக்கிற எஞ்சின். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் கிடையாக இருப்பதால் எண்ணெயும், எஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்றும் ஹெட் காஸ்கெற்றின் (எஞ்சின் புளொக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகட்டின்) கீழ் விளிம்பில்தான் எப்போதும் நிற்கும். 2000க்குப் பிந்தியவற்றில் அது பெரும்பாலும் வெளிப்பக்கமாகக் கசியும். ஹெட்டும் புளொக்கும் சேருகிற கோட்டில், கீழ்ப்பக்கத்தில், ஈரமும் தூசியும் சேர்ந்து கறுப்பாய் அப்பியிருக்கும். அதைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். பதினைந்து வயதுக் காரின் எஞ்சின் மினுங்கினால் சந்தேகப்படுங்கள். அரைமணி ஓட்டிவிட்டுக் கீழே லைற் அடித்துப் பாருங்கள். நிறுத்தியதும் இனிப்பு மணம் வந்தால் கூலன்ற்.

லேசான கசிவோடு வருசக்கணக்காய் ஓடுகிற கார்களும் உண்டு. அளவைப் பார்த்துப் பார்த்து ஊற்றி ஓடலாம். கசிவை அடைக்கிற மருந்து என்று போத்தலில் விற்பதைக் கண்டபடி ஊற்றி றேடியேற்றரையும் ஹீற்றரையும் அடைத்து வைத்துக்கொண்டு ஜனவரியில் குளிரில் விறைக்காதீர்கள். திருத்துவதென்று முடிவெடுத்தால் பல அடுக்கு உருக்கு காஸ்கெற் போடச் சொல்லிக் கேளுங்கள், பெல்ற் வேலையையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

நாலு சில்லும் இழுக்கிறது என்று வின்ரர் ரயர் போடாமல் விடுவது

கிளம்பத்தான் உதவும். நிற்க உதவாது.

"சேஃப்டி எடுத்த கார்தானே?"

ஒன்ராறியோவில் சேஃப்டி சேட்டிபிக்கற் 36 நாள்தான் செல்லும். சோதித்த அன்றைக்கு ஆகக் குறைந்த தரத்தில் இருந்தது என்பதற்கு மேலே அதில் ஒன்றும் இல்லை. கறள் அடுத்த மாதம் எங்கே வெடிக்கும் என்று அந்தத் தாள் சொல்லாது.

இந்தக் கார்களில் கறள் பிடிக்கிற இடம் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கப் பின்சில்லுக்கு மேலே, பிளாஸ்ரிக் மறைப்புக்குப் பின்னால் பெற்றோல் ஊற்றுகிற குழாய் போகிறது. உப்புச் சேறு அந்த மறைப்புக்குள் போய் வெளியே வராமல் தங்கிவிடும். பெற்றோல் அடித்தவுடன் காருக்குள் மணத்தால், அல்லது ராங்க் நிரம்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், முதலில் அங்கே பாருங்கள். அதைவிட மோசம் பிறேக் குழாய்கள். 2005 முதல் 2009 வரையான லெகசி, அவுட்பாக் கார்களை 2013இல் அமெரிக்காவின் உப்புப் போடும் மாநிலங்களில் இந்தப் பிறேக் குழாய்க் கறளுக்காகவே திருப்பி அழைத்தார்கள். கையில் இருக்கும் காருக்கு அந்த வேலை நடந்ததா என்று காரின் அடையாள இலக்கமான விஐஎன்னைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் எண்ணெய் தெளிப்பியுங்கள். றைவ்வேயில் கொஞ்ச நாள் சொட்டும். மனிசி ஏசுவா. பரவாயில்லை.

ஆளையும் மூட்டையையும் வேறு வேறாய் எண்ணுவது

பின்பக்கம் பெரிது என்பதால் லொறி என்று நினைத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும், அண்ணளவாக 400 கிலோ. "சாமான்" மட்டும் அல்ல, ஓட்டுகிற நீங்களும் சேர்த்து. ஐந்து பெரிய ஆட்கள் ஏறினாலே முக்கால்வாசிக்கு மேலே முடிந்தது. அதற்குப் பிறகு கோயில் அன்னதானத்துக்கு 40 இறாத்தல் அரிசி மூட்டை எட்டை அடுக்கினால் அதுவே இன்னும் 145 கிலோ. பின் ஸ்பிறிங் தாழ்ந்து, முன் லைற் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், பின் ரயரின் உள்விளிம்பு தேயும், மேலே சொன்ன ரயர்க் கணக்கும் குழம்பும்.

அரிசி ஏற்றுகிற அன்றைக்கு ஆட்களில் மூன்று பேரைப் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.