சிறு குழந்தையின் அன்றாட ஒழுங்கை எங்கிருந்து தொடங்குவது?

இரவு பத்தரை மணிக்கும் கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும், காலையில் வேன் வாசலில் வந்து நிற்கும்போது அதே பிள்ளை பாதித் தூக்கத்தில் இட்லியை வாய்க்குள் அடக்கி வைத்திருப்பதையும் சிறு குழந்தை உள்ள வீடுகளில் அறியாதவர்கள் இல்லை. என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, இதைச் சரிசெய்வதற்காகக் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை பன்னிரண்டு வரிகளில் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அது நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. அட்டவணை முழுவதும் மணிக்கணக்கில் இருந்தது. குழந்தைக்கோ மணி பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பது மட்டுமே அந்த வயதில் அவளுக்குப் புரியும். இதை உணர்ந்த பிறகு எங்கள் வீட்டில் நிலைத்த முறையை, 2 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மூன்று நாள் எதையும் மாற்றாமல் குறித்துவையுங்கள்

ஒரு பழைய நோட்டில், குழந்தை எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம், இரவு உண்மையாகவே கண் அயர்ந்த நேரம், வயிறு நிறையச் சாப்பிட்ட வேளைகள், காரணமில்லாமல் அடம்பிடித்த வேளைகள் ஆகியவற்றை எழுதுங்கள். மூன்றாம் நாள் முடிவில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அழுகை நாள் முழுவதும் பரவியிருக்காது, ஓரிரு இடங்களில் குவிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது மாலை ஆறு மணிக்கு மேல் குவிந்திருந்தது. மதியம் சாப்பிட்டது செரித்து, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் இருந்த அந்த இடைவெளியைப் பிடிவாதம் என்றே அதுவரை நினைத்திருந்தோம். உண்மையில் அது பசி. நாலரை மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் கொடுக்கத் தொடங்கியதும் பாதி அழுகை நின்றது. (கடலையைத் தோல் நீக்கி, நன்றாக மசித்தே கொடுங்கள், முழுக் கடலை சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியது.)

படி 2: எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள்

பெரும்பாலோர் உறங்கும் நேரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம், ஆனால் தூங்கச் சொல்லித் தூங்க வைக்க முடியாது. எழுப்புவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. உடலின் உறக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் கடிகாரம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதற்கு நேரம் சொல்கிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுப்பி, எழுந்த அரை மணிக்குள் வெளிச்சத்தில் நிற்க வைத்தால், இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகர்ந்து வரும்.

எத்தனை மணிக்கு எழுப்புவது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய மூன்று வயதுப் பிள்ளை மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறது என்றால், இரவு எட்டரைக்கு உறங்கினால் மொத்தம் பதினொன்றரை மணி நேரமாகிறது. அதுவே போதுமான அளவு.

இப்போது எட்டு மணிக்கு எழும் பிள்ளையை நாளைக்கே ஆறரைக்கு எழுப்பாதீர்கள். இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். எழுப்பும்போது பெயர் சொல்லி அதட்டாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, பாதத்தைத் தேய்த்துவிட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போங்கள். வாசல் தெளிக்கும்போது கையில் ஒரு சிறு சொம்பைக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எழுப்ப வேண்டிய தேவையே இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். அரை மணி தாமதித்தால் குறையில்லை, இரண்டு மணி தாமதித்தால் திங்கட்கிழமை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

காலை உணவு முடிந்ததும் ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். வயிற்றில் உணவு இறங்கியவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு, ஆகவே அந்த நேரத்தில் முக்காமலே வரும். வராவிட்டாலும் எழுந்து போகட்டும். வற்புறுத்தினால் அடக்கி வைக்கும் பழக்கம் வந்துவிடும்.

படி 3: பகல் தூக்கத்துக்கு ஓர் எல்லை

மதியம் மூன்றரைக்குள் எழுப்பிவிடுங்கள். ஐந்தரை வரை தூங்கிய பிள்ளை எட்டரைக்குத் தூங்காமல் இருப்பதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பகலில் தூங்கவே மறுக்கும் நான்கு வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

படி 4: மாலையை ஒரே வரிசையில் கோத்துவிடுங்கள்

வெளியே விளையாட்டு, குளியல், இரவுச் சாப்பாடு, பால், பல் துலக்குதல், விளக்கணைத்தல், கதை. இந்த ஏழும் எங்கள் வீட்டு வரிசை. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு முறை வைத்துவிட்டால் வரிசை மாறக்கூடாது. மணி முன்பின் ஆகலாம். ஆறரைக்கு நடக்க வேண்டிய குளியல் ஒரு நாள் ஏழே காலுக்கு நடந்தாலும், அதன் பின் சாப்பாடுதான் என்பது உறுதியாக இருந்தால் குழந்தை அதை ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகரும் இடத்தில்தான் சண்டை வருகிறது. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லி, நாமே விரல் மடக்கி எண்ண வேண்டும். அதேபோல, "குளிக்கலாமா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்ற பதிலுக்கு நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். "குளிச்சிட்டு மஞ்சச் சட்டையா, பச்சைச் சட்டையா?" என்று கேளுங்கள். சட்டையைத் தேர்ந்தெடுப்பது குழந்தையின் உரிமை, குளிப்பது வீட்டின் வழக்கம்.

பாலுக்குப் பின் பல் துலக்குவதை எக்காரணத்தாலும் விடக்கூடாது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் முன்பற்கள் இரவு முழுவதும் பாலின் சர்க்கரையில் ஊறிச் சொத்தையாகின்றன. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், அதன் பின் பட்டாணி அளவும் பற்பசை போதும். துலக்கிவிடுவது பெரியவரின் கையாகவே இருக்கட்டும்.

கதைக்கு முன்பே விளக்கை அணைத்து, ஜீரோ வாட்ஸ் பல்பை மட்டும் விடுங்கள். பிரகாசமான வெளிச்சம், உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. கைபேசியும் தொலைக்காட்சியும் சாப்பாட்டுடன் முடிந்துவிட வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்றும் மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

படி 5: வரிசையைப் படமாக்கிக் கொடுங்கள்

மாத நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஏழு படங்களை மேலிருந்து கீழாக வரைந்து, பீரோ கதவில் குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். பந்து, வாளி, தட்டு, டம்ளர், பிரஷ், பல்பு, நிலா போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் ஒரு துணி கிளிப்பை மாட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதைக் கீழே நகர்த்தும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள். முதல் வாரம் என் மகள் கிளிப்பை நகர்த்துவதற்காகவே ஓடி வந்தாள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு பீரோ முன் நின்றவள், இரண்டு கையாலும் கிளிப்பை அழுத்தி வாளியிலிருந்து தட்டுக்கு மாற்றிவிட்டு, அடுப்படியைப் பார்த்து "அப்பத்தா, தட்டு!" என்று குரல் கொடுத்தாள். அதுவரை சாப்பாட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. இதற்கு நட்சத்திரமோ மிட்டாயோ பரிசாக வைக்காதீர்கள். பரிசு நின்ற நாளில் வழக்கமும் நின்றுவிடும்.

படி 6: வீட்டில் உள்ளவர்களை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்

கூடத்தில் எட்டு மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் அறைக்குள் போய்ப் படுக்காது. இதற்காக வயதானவர்களைக் கடிந்துகொள்வது நியாயம் ஆகாது. நாள் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த அரை மணிதான் ஓய்வு. என் மாமியாரிடம், "அத்தை, கதை சொல்ற வேலையை நீங்க எடுத்துக்குங்க, சாப்பிட்டது கழுவி வைக்கிறதை நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டேன். தொடரை மறுநாள் மதிய மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களே சொன்னார்கள். ஒன்பது மணிக்கு மேல் வேலை முடித்து வரும் அப்பாவுக்காகப் பிள்ளையை விழித்திருக்க வைக்கும் வீடுகள் பல. அங்கே காலை எழுப்பும் பொறுப்பையும், மாடி வெயிலில் நிற்கும் அரை மணியையும் அப்பாவிடம் கொடுத்துவிடலாம்.

ஒழுங்கு கலையும் நாட்கள்

காய்ச்சல், ஊர்த் திருவிழா, கல்யாண வீடு ஆகியவற்றில் எல்லாம் கலைந்துதான் போகும். காய்ச்சல் நாளில் தூங்கும் வரை தூங்கட்டும். ஊர்ப் பயணத்தில் வரிசையின் கடைசி மூன்றை மட்டும், அதாவது பல், விளக்கு, கதை ஆகியவற்றை, பேருந்திலாக இருந்தாலும் விடாமல் செய்யுங்கள். திரும்பி வந்த இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும், மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுப்பிவிடுங்கள். அன்று மதியம் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது.

பல வாரங்கள் இப்படிச் செய்தும் தூக்கம் சீராகவில்லை என்றாலோ, உறக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று வருவது போலத் தெரிந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது முதல் மூன்று நாள் குறித்த நோட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.