பழைய தனிமமாற்ற அறிக்கைகளைச் சோதித்து வாசிக்கும் முறை

ஒரு தனிமத்தை மற்றொரு தனிமமாக மாற்றிவிட்டதாகக் கூறும் ஆய்வறிக்கைகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் பல வெளிவந்தன. அவற்றில் சில அணுக்கரு இயற்பியலுக்கே அடித்தளமிட்டன. வேறு சில ஓரிரு ஆண்டுகளுக்குள் பொய்த்துப்போயின. தவறிய அறிக்கைகளை எழுதியவர்களும் கைதேர்ந்த ஆய்வாளர்களே என்பதால், பெயரையும் விருதையும் பார்த்து எடைபோடுவதில் பயனில்லை. இத்தகைய அறிக்கை ஒன்றைக் கையில் எடுப்பவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், எந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். மேல்நிலைப் பள்ளி வேதியியல் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், அறிக்கை பேசுவது தானாக நிகழும் மாற்றத்தையா, வலிந்து நிகழ்த்திய மாற்றத்தையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்ஃபோர்டும் சோடியும் 1902இல் தோரியத்தைக் கொண்டு விளக்கியது முதல் வகை. தோரியத்திலிருந்து வேதிமுறையில் பிரித்தெடுத்த ‘தோரியம் எக்ஸ்’ சுமார் நான்கு நாளில் தன் கதிரியக்கத்தில் பாதியை இழந்தது. பிரிக்கப்பட்ட தோரியம் இழந்த வீரியத்தை அதே வேகத்தில் மீட்டுக்கொண்டது. இங்கே மனிதர் செய்தது பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமே. இந்த வகை அறிக்கைகளில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் இரண்டாம் வகையில்தான் இருக்கிறது.

அந்த வகை அறிக்கையை வாசிக்கும்போது, புதிய தனிமத்தை எவ்வளவு திறமையாகக் கண்டறிந்தார்கள் என்பதில் மயங்கிவிடாமல், மாற்றம் எதுவுமே நிகழாதிருந்தாலும் அந்தத் தனிமம் அங்கே வந்திருக்க வழி உண்டா என்று கேளுங்கள். பாத்திரம், மின்முனை, மூலப்பொருள், சுற்றியுள்ள காற்று ஆகிய நான்கும் சந்தேகத்துக்குரியவை. லண்டனில் ராம்சேயும் கேமரூனும் 1907இல் தாமிரச் சல்ஃபேட்டுக் கரைசலில் ரேடானைச் செலுத்தி, எஞ்சியதன் நிறமாலையில் லித்தியத்தின் கோடுகளைக் கண்டு, தாமிரம் லித்தியமாக இறங்கிவிட்டதாக அறிவித்தனர். மேரி கியூரியும் எலன் கிளெடிச்சும் மறு ஆண்டே அதைப் பிளாட்டினப் பாத்திரத்தில் செய்து பார்த்தபோது லித்தியம் தென்படவில்லை. முதல் சோதனையின் லித்தியம் பாத்திரத்தின் சுவரிலிருந்து கரைந்து வந்ததாகவே கொள்ள வேண்டியிருந்தது. நிறமாலை முறை பொய் சொல்லவில்லை. லித்தியம் உண்மையாகவே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிழை.

பெர்லினில் 1924இல் மீதேயும் ஸ்டாம்ரைக்கும் பாதரச ஆவி விளக்கின் எச்சத்தில் தங்கம் கண்டதாக அறிவித்ததும் இதே வகைதான். விற்பனைக்கு வரும் பாதரசத்தில் துளியளவு தங்கம் இருப்பது வழக்கம். காய்ச்சி வடித்தாலும் அது முழுதாக நீங்குவதில்லை. கடல்நீரில் உள்ள தங்கத்தை அளப்பதற்காக மிக நுண்ணிய முறைகளை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த ஃபிரிட்ஸ் ஹாபரின் குழு, அந்தப் பொன்னுக்கு மாசே காரணம் என்று 1926இல் காட்டியது. அதே ஆண்டில் பானெத்தும் பீட்டர்சும் பல்லேடியத்தின் உதவியால் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறியதாக எழுதினர். அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்: கண்ணாடியைச் சூடாக்கும்போது, அதுவும் ஹைட்ரஜன் சூழலில், அதில் முன்பே உறைந்திருந்த ஹீலியம் வெளியேறுகிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே தங்கள் முடிவைத் திரும்பப் பெற்றனர்.

அடுத்து, காரணத்தைக் கூட்டிக் குறைத்தபோது விளைவும் அதற்கேற்பக் கூடிக் குறைந்ததா என்று பாருங்கள். இதற்கு ரதர்ஃபோர்டு மான்செஸ்டரில் செய்து 1919இல் வெளியிட்ட ஆய்வை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நேரம் இருப்பவர்கள் அதை வரிவரியாக வாசிப்பது நல்லது. பித்தளைப் பெட்டிக்குள் ஆல்ஃபா துகள்களை, அதாவது ஹீலியம் கருக்களை, வெளிவிடும் ‘ரேடியம் சி’ வைக்கப்பட்டது. பெட்டியின் முனையில் இருந்த திறப்பை மெல்லிய வெள்ளித் தகடு மூடியிருந்தது. அதற்கு வெளியே துத்தநாகச் சல்ஃபைடு பூசிய திரை இருந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணோடு, நுண்ணோக்கி வழியே, திரையில் தோன்றும் மின்னல் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். காற்றில் ஆல்ஃபா துகள் சுமார் 7 சென்டிமீட்டர் மட்டுமே செல்லும் என்பதால், அதற்கப்பால் தென்படும் பொட்டு வேறொரு துகளால் உண்டானதாகவே இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஆக்சிஜனையோ கார்பன் டை ஆக்சைடையோ விட்டபோது, வாயு துகள்களைத் தடுப்பதற்கேற்பப் பொட்டுகள் குறைந்தன. உலர்ந்த காற்றை விட்டபோது குறைவதற்குப் பதிலாகக் கூடின. நீராவியில் உள்ள ஹைட்ரஜனோ தூசியோ காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தை ஒவ்வொன்றாக விலக்கிய பின், தூய நைட்ரஜனை விட்டுப் பார்த்தபோது எண்ணிக்கை காற்றில் கண்டதையும் மிஞ்சியது. வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. பழி நைட்ரஜன் மீது மட்டுமே விழும்படி, மற்ற வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டதை இங்கே கவனியுங்கள். பொய்த்துப்போன அறிக்கைகளில் இந்த உழைப்பு அரைகுறையாகவே இருக்கும்.

மூன்றாவதாக, உருவாகியிருக்கக்கூடிய அளவைக் கணக்கிடுங்கள். பலர் தாண்டிச் செல்லும் இந்த இடம்தான் என் பார்வையில் மிகவும் கூர்மையான சோதனை. கேம்பிரிட்ஜில் பிளாக்கெட் 1925இல் வெளியிட்ட ஆய்வுக்காக எடுத்த முகிற்கலப் படங்கள் (துகள் சென்ற தடத்தை நீர்த்துளிக் கோடாகக் காட்டும் கலத்தின் படங்கள்) சுமார் 23,000. அவற்றில் பதிந்த 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஆல்ஃபா தடங்களில் எட்டு மட்டுமே, ஆல்ஃபா துகள் மோதி நைட்ரஜன் ஆக்சிஜனாக மாறுவதைக் காட்டும் கவட்டைகள். அதாவது ஏறத்தாழ 50,000 துகளுக்கு ஒரு மாற்றம். ஒரு மில்லிகிராம் ரேடியம் நொடிக்குச் சுமார் 3.7 கோடி ஆல்ஃபா துகள்களை வெளிவிடுகிறது. அவை அனைத்தும் இதே விகிதத்தில் நைட்ரஜனை மாற்றுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 740 அணுக்கள், ஓர் ஆண்டுக்குச் சுமார் 2,300 கோடி அணுக்கள் உருவாகும். 17 கிராம் ஆக்சிஜன்-17இல் 6.02 × 10²³ அணுக்கள் இருப்பதால், ஆண்டு முழுவதும் சேர்ந்த எடை ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இத்தகைய கதிர்மூலத்தை வைத்துக்கொண்டு, தராசில் நிறுக்கத்தக்க புதிய தனிமம் கிடைத்ததாக ஓர் அறிக்கை சொன்னால், மேற்கொண்டு வாசிக்கும் முன் பாத்திரத்தைப் பற்றிய பத்திக்குத் திரும்புங்கள்.

பிறகு எண்களைச் சமன்செய்து பாருங்கள். நிறை எண்களின் கூட்டுத்தொகையும் அணு எண்களின் கூட்டுத்தொகையும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்: நைட்ரஜன்-14, ஹீலியம்-4 இரண்டும் சேர்ந்து ஆக்சிஜன்-17, ஹைட்ரஜன்-1 ஆகும்போது 18க்கு 18, 9க்கு 9. அது முடிந்ததும் துல்லிய நிறைகளைக் கொண்டு ஆற்றல் கணக்கைப் போடுங்கள். இந்த மாற்றத்துக்குச் சுமார் 1.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் குறைகிறது. வந்து மோதும் துகளிடம் 7.7 மில்லியன் இருப்பதால் தடையில்லை. கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் 1932 ஏப்ரலில் லித்தியத்தைப் புரோட்டான்களால் பிளந்த ஆய்வில் கணக்கு எதிர்த்திசையில் செல்கிறது. லித்தியம்-7இன் 7.0160, ஹைட்ரஜனின் 1.0078 ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டு ஹீலியத்தின் 8.0052ஐக் கழித்தால் 0.0186 எஞ்சும். அதை, ஓர் அணு நிறை அலகுக்கு ஈடான ஆற்றலாகிய 931.5ஆல் பெருக்கினால் வருவது 17.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இரண்டு ஹீலியம் கருக்களும் எதிரெதிராகப் பாய்ந்து செல்லும் தொலைவிலிருந்து அவர்கள் பெற்ற ஆற்றலும் இதை ஒட்டியே அமைந்தது.

கடைசியாக, விளைந்த பொருள் வேதியியல் முறையிலும் அடையாளம் காட்டப்பட்டதா என்று தேடுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அளவு மிகக் குறைவு என்பதால் இது இயலாமற்போயிருக்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் 1934இல் அதைச் செய்தே காட்டினர். ஆல்ஃபா துகள்கள் தாக்கிய அலுமினியத் தகட்டில் உருவான பாஸ்பரஸ்-30இன் கதிரியக்கம் சில நிமிடங்களில் பாதியாகிவிடும் என்பதால் வேலை விரைவாக நடந்தாக வேண்டும். தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது, கதிரியக்கம் கரைசலில் தங்காமல், வெளியேறிய ஹைட்ரஜனோடு பாஸ்பீன் வாயுவாகச் சென்று சேர்ந்தது. அலுமினியம் கரைசலிலேயே தங்கிவிடும். வாயுவாக வெளியேறுவது பாஸ்பரஸின் இயல்பு.