மறதி தொடங்கியவருக்கு எம்.ஆர்.ஐ.: வெண்பொருள் மாற்றத்தைச் சரியாகப் பார்க்க

மறதி கூடுகிறது என்றவுடன் ஸ்கானுக்கு ஓட வேண்டாம். முதலில் நினைவையும் யோசனையையும் பார்க்கும் மொக்கா சோதனை (மொத்தம் 30 புள்ளி, தமிழிலும் உண்டு), பிறகு இரத்தத்தில் பி12, தைரொயிட், சோடியம், சுகர். பி12 குறைவுக்கும் தைரொயிட் மந்தத்துக்கும் மருந்து இருக்கிறது. அவற்றைப் பாராமல் படம் எடுத்தால் பழி முழுவதும் படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளில் விழுந்துவிடும்.

மறதியைவிட யோசனை மந்தமாவது, கணக்கு வழக்கில் தடுமாறுவது, காலடி குறுகுவது, சலம் அடக்க முடியாமை ஆகியவை முன்னுக்கு நின்றால், மூளைப் பகுதிகளை இணைக்கும் நார்களான வெண்பொருளில் பழுதைச் சந்தேகிக்கலாம். இவற்றை வைத்தியரின் கடிதத்தில் எழுதுவியுங்கள். 'மறதி' என்ற ஒற்றைச் சொல்லோடு போகும் கடிதத்துக்கு அறிக்கையும் மொட்டையாகத்தான் வரும்.

சீ.ரீ. சிறிய மாற்றங்களைத் தவறவிடும். எம்.ஆர்.ஐ.யில் ஃபிளேயர் என்ற பட வகைதான் முக்கியம்: மூளைநீர் கறுப்பாகவும் பழுதுபட்ட வெண்பொருள் வெள்ளையாகவும் தெரியும். கூடவே நுண் இரத்தக்கசிவுக்கு எஸ்.டபிள்யூ.ஐ., புதிய அடைப்புக்கு டிஃபியூஷன், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கத்துக்கு ரீ1 என்ற பட வகைகள். கொன்ராஸ்ற் ஊசி வழமையாகத் தேவையில்லை. டி.ரி.ஐ. என்ற இன்னொரு பட வகை நார்ப் பாதைகளின் பழுதை ஃபிளேயருக்கு முன்பே காட்டக்கூடும். ஆனால் ஒரு தனியாளுக்கு 'இது நோய்' என்று சொல்ல ஒத்துக்கொண்ட எல்லை அளவு அதற்கு இல்லை. ஆய்வுக்கு நல்லது, அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

போர் நடந்த எங்கள் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது உடலில் தங்கிய ஷெல் துண்டு. எப்போதோ பட்டு, வலியில்லாமல் உள்ளே கிடப்பதை வயதானவர் மறந்திருப்பார். பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். கண், முள்ளந்தண்டு, இரத்தக்குழாய் அருகே இரும்பு இருந்தால் காந்தம் அதை அசைக்கலாம். சந்தேகமென்றால் முதலில் எக்ஸ்ரே. பேஸ்மேக்கர், மூளைக் கிளிப் இருந்தால் அவற்றின் அட்டையையும் கொண்டு போங்கள். தாலிக்கொடி, தாயத்து, சேலை ஊசி, காது மெஷின் எல்லாம் வெளியே.

உள்ளே 20 முதல் 30 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். சலம் அடக்க முடியாதவரை உள்ளே விடுவதற்குச் சற்று முன் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். சலம் போக்கும் குளிசையை அன்று எப்போது எடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஃபிளேயர் எடுக்கும்போது தலை ஆடினால் சின்னப் புள்ளிகள் கலங்கிப்போகும். அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

அறிக்கையில் வெண்பொருள் மாற்றத்தின் அளவைச் சொல்லும் ஃபசேகாஸ் எண்ணைத் தேடுங்கள். ஆழ்ந்த வெண்பொருளில் 0 என்றால் இல்லை, 1 தனிப் புள்ளிகள், 2 புள்ளிகள் சேரத் தொடங்கியவை, 3 பெரிய திட்டுகள். அறுபது தாண்டியவரில் 1 சாதாரணம். அறளை பெயர்ந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. 3 என்றால் பேசாமல் விட முடியாது. 'லக்கூன்' என்றிருந்தால் அது 3 முதல் 15 மி.மீ. வரையான பழைய சிறு அடைப்பின் குழி.

பழைய திட்டுகளை அழிக்கும் குளிசை இல்லை, புதியவற்றை மெதுவாக்கலாம். அதில் முதலிடம் பிறஷருக்கு. 2019இல் வெளியான ஸ்பிரின்ற் மைன்ட் என்ற ஆய்வின் முடிவில், மேல் பிறஷரை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களில், 140ஐ இலக்காக வைத்தவர்களைவிடத் திட்டுகள் குறைவாக வளர்ந்தன. அந்த ஆய்வில் நீரிழிவுக்காரர் இல்லை. எழும்பினால் தலைசுற்றும் கிழவருக்கும் அதே இலக்கென்று நீங்களாகக் குளிசையைக் கூட்டாதீர்கள்.

படம் பதிந்த சீ.டி.யை வாங்கி கிளினிக் கொப்பியோடு வையுங்கள். அடுத்த படத்தை முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் திட்டின் அளவும் மாறித் தெரியும்.