சைக்கிளில் தூரம் போகுமுன் சீட்டுப் பைக்குள் வைக்க வேண்டியவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். புது டியூப் கையில் இருந்ததால் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. முதல் டியூபைக் குத்திய சீமைக் கருவேல முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றிருந்தது. பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அங்கே இருந்தது கார், பைக் வால்வுக்கான காற்றுக் குழாய். என் டியூபில் இருந்ததோ ஒல்லியான பிரெஸ்டா வால்வு. கடைசியில் குட்டியானையில் ஏற்றித்தான் ஊர் திரும்பினேன்.

அன்றிலிருந்து என் பைக்குள் இருப்பவை இவை.

டியூப் இரண்டு. அளவு டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும் (700x28, 26x1.95 என்பது போல). டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு. இரும்பு வேண்டாம், டியூபைக் கிழித்துவிடும். 4, 5, 6 மி.மீ. அலன் கீயும் செயின் கட்டரும் சேர்ந்த ஒரு மல்டிடூல். டிஸ்க் பிரேக் என்றால் டி25 என்ற நட்சத்திர முனையும் அதில் இருக்கட்டும். அறுந்த செயினை இணைக்கும் கண்ணியான குயிக் லிங்க், உங்கள் செயினுக்குப் பொருந்துவதாக ஒன்று. 8 கியர் செயினின் லிங்க் 11 கியர் செயினில் சேராது. பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள். பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று. நகத்தளவுதான், ஆனால் அது இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம்.

பம்பா, கார்பன் டை ஆக்ஸைடு குப்பியா என்றால் நான் பம்ப் பக்கம்தான். குப்பி நொடியில் நிரப்பும், உண்மை. ஆனால் ஒரு குப்பி ஒரே தடவைக்குத்தான். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால் மறுநாள் டயர் தளர்ந்திருக்கும். கைப்பம்பில் கை வலிக்கும், காற்று மட்டும் தீராது.

இனி வேலை. செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டுப் பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். டியூபை உருவும்போது, அது எந்தப் பக்கமாக இருந்தது, வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோனால் ஓட்டை இருக்கும் இடம் தெரியும். பிறகு டியூபைப் பழையபடியே டயர்மேல் வைத்துப் பாருங்கள். ஓட்டைக்கு நேரே டயரில் முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கும். உள்பக்கத்தைப் பருத்தித் துணியால் துடைத்தால் துணி மாட்டும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். முள் வெளிப்பக்கம் தெரியாமலும் இருக்கலாம், டயரை வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஓட்டையே காரணத்தையும் சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் இடித்திருக்கிறது. ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை என்றால், ரிம்மில் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. இரண்டிலும் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புது டியூபுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்து உருண்டையாக்கி மாட்டினால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்காது. டயரின் கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள், லீவர் வேண்டாம்.

பேட்ச் ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லப் பூசி, ஈரப் பளபளப்பு போகும்வரை நான்கைந்து நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் பெயர்ந்து வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துப் பை தயார் செய்த இரண்டு பேருக்கு வேறு சிக்கல் வந்தது. ஒருவர் சைக்கிளின் ரிம் உயரமானது. வால்வு வெளியே எட்டாததால் புது டியூப் பயன்படவில்லை. வாங்குமுன் வால்வின் நீளத்தையும் பாருங்கள். இன்னொருவரின் சக்கரம் நட்டு போட்டு முறுக்கியது. அதற்கு அலன் கீ உதவாது, பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். உங்கள் சக்கரம் எந்த வகை என்று இப்போதே வீட்டில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.