வாசிக்க மாட்டேன் என்ற பிள்ளைகளும் என் பழைய போனும்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் தரம் 7க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வாசிக்கச் சொன்னால் சிலருக்கு உடனே தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். ஸ்மார்ட்போர்டில் கதையைப் போட்டால் படத்தைப் பார்ப்பார்களே தவிர எழுத்துப் பக்கம் கண் போகாது. விலைக்கு அது பெரிய சாமான், அவ்வளவுதான்.

கைகொடுத்தது என் பழைய போனின் குரல் பதிவு. ஒரு பந்தியை வகுப்புக்கு வெளியே தனியாக வாசித்துப் பதிய வேண்டும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள். வாயே திறக்காத ஒருவன், "மிஸ், நடுவில காகம் கத்திட்டுது, இன்னொருக்கா எடுக்கட்டா?" என்று வந்து நின்றான். காகம் சாட்டுத்தான். 'விளையாட்டு' என்ற சொல்லில் தடக்கியிருந்தான். அடுத்த பதிவில் அது வழுக்கிக்கொண்டு போனது.

ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் வரும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் "திரும்ப வாசி" என்று நான் சொன்னால் அது தண்டனை. போன் கேட்டால் சரி.

வெள்ளிக்கிழமைகளில் புளூடூத் ஸ்பீக்கரில் போடுவோம், சம்மதித்தவர்களுடையதை மட்டும். வட்ஸ்அப் குழுவுக்கு எதுவும் அனுப்புவதில்லை. போனை ஃபிளைட் மோடில் வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் கோல் வரும்.