டார்க் காமெடியில் காது கேளாதவர்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

டார்க் காமெடியில் யாரையும் விட்டுவைக்க வேண்டியதில்லை என்பார்கள். சரிதான். ஆனால் காது கேளாத ஒருவர் கதைக்குள் வந்ததும் பலரும் செய்வது, அவருடைய காதையே ஜோக்காக்கிவிடுவது. ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்வார், சுற்றியிருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இந்த 'டமாரச் செவிடு' காமெடி நம் சினிமாவில் புளித்துப்போன சரக்கு.

'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தில் காது கேளாதவரை 'சவுண்ட் ப்ரூஃப் சிஸ்டம்' என்று அழைத்தது உள்ளிட்ட விஷயங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2024 ஜூலையில் வந்த தீர்ப்பு படத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் புரிந்துகொள்ள வைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது.

இரண்டாவது வகை எப்படி இருக்கும்? தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் 'சிம்பதி ஃபார் மிஸ்டர் வெஞ்சன்ஸ்' (2002) படத்தில் ஒரு காட்சி. பக்கத்து அறையிலிருந்து பெண் குரல் முனகுகிறது. இளைஞர்கள் சிலர் சுவரில் காதை ஒட்டவைத்துக் கிளுகிளுப்பாகக் கேட்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிறுநீரக நோயின் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள். காது கேளாத தம்பி ரியூ, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நூடுல்ஸ் சாப்பிடுகிறான். நன்றாகக் காது கேட்பவர்கள்தான் இங்கே தப்பாகக் கேட்கிறார்கள். சிரிக்க வாயைத் திறந்தவருக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

அடுத்த தவறு, தேவைப்படும்போது மட்டும் காதை அடைப்பது. பத்துக் காட்சிகளில் சகஜமாகப் பேச்சைப் புரிந்துகொள்பவருக்கு, கிளைமாக்ஸில் மட்டும் பின்னால் வரும் லாரி தெரியாது. ரியூ கதையில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய துயரம் அவனுக்குக் கேட்காததால்தான் நடக்கிறது (படம் பார்க்காதவர்களுக்காக இத்தோடு நிறுத்துகிறேன்). அது வசதிக்காகச் செருகியதாகத் தோன்றாததற்குக் காரணம், அந்த நூடுல்ஸ் காட்சியே நம்மைத் தயார் செய்துவிட்டது.

வாயசைவை வைத்து எல்லாவற்றையும் புரிந்துகொள்வது சினிமாவின் மந்திரம். கடத்தல்காரன் "பணம் எங்கே?" என்கிறான். உதட்டைப் பார்த்தால் "மணம் எங்கே?" என்பதும் அதேதான், ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. ககரமோ வாய்க்குள்ளேயே பிறப்பதால் வெளியே ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நம்மூர் வில்லனுக்கு மீசை வேறு! பழகியவர்கள்கூடச் சூழலை வைத்துப் பாதியை ஊகித்துத்தான் பிடிக்கிறார்கள். ஆள் திரும்பினாலோ விளக்கு அணைந்தாலோ அதுவும் போச்சு.

இந்தத் தடைகளில்தான் காமெடிக்குத் தீனி இருக்கிறது. சைகையில் பேசுபவரைக் கடத்தி வாயில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, கையைக் கட்டாமல் விடும் அடியாளை யோசித்துப் பாருங்கள். கண்ணாடிக் கதவு மூடியிருந்தாலும், வாய் நிறைய பிரியாணி இருந்தாலும் இருவர் சைகையில் சண்டை போடலாம். இருட்டில் மட்டும் முடியாது.

அப்புறம், பரிதாபம். காது கேளாதவர் என்றாலே பூ மாதிரி மனசு, ஊமைக் கண்ணீர். ரியூ தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசியவன், அக்காவுக்காக ஒரு குழந்தையைக் கடத்துகிறவன். 'ஃபார்கோ' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனில் (2014) வரும் காது கேளாத ரெஞ்ச், ஒரு கூலிக் கொலைகாரன். கெட்டவராக இருக்கும் உரிமையையும் கொடுங்கள். ரெஞ்ச்சாக நடித்த ரஸல் ஹார்வர்ட் நிஜத்திலும் காது கேளாதவர். ரியூவாக நடித்த ஷின் ஹா-க்யுன் காது கேட்பவர். படத்தை எவ்வளவு ரசித்தாலும், அதே வேடத்துக்கு இன்று முதலில் காது கேளாத நடிகரைத் தேடுவதுதான் முறை.

சைகை மொழியை நடிகரின் கற்பனைக்கு விட்டுவிடுவதும் நடக்கிறது. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் வசனத்தை வார்த்தைக்கு வார்த்தை கையால் காட்டுவது அல்ல அது. புருவமும் முகமும்கூட அதில் இலக்கணம். எனவே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஸ்பாட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது. சைகையே தாய்மொழியான ஒருவர் ஸ்கிரிப்ட் நிலையிலிருந்து கூட இருக்க வேண்டும். எடிட்டிங்கிலும் அவரை உட்கார வையுங்கள். முகத்துக்கு க்ளோஸ்-அப் போனதும் கைகள் ஃப்ரேமை விட்டு வெளியேறி, வசனம் பாதியில் அறுந்துவிடும். காது கேட்கும் எடிட்டருக்கு அது தெரியவே தெரியாது.