டொன்பாஸ் போரை வாசிகசாலையில் கலந்துரையாடுவது எப்படி

வன்னியில் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையிலோ உயர்தர அரசறிவியல் வகுப்பிலோ உக்ரேன் போரைப் பேசத் தொடங்கினால், ‘பிரிவினைவாதிகள்’ என்ற சொல் விழுந்த மறுகணமே பேச்சு டொனெட்ஸ்கை விட்டு முள்ளிவாய்க்காலுக்கு வந்துவிடும். அதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் முதல் ஒரு மணித்தியாலமாவது அங்குள்ளவர்களின் கதையை அவர்களின் கதையாகவே கேட்கும்படி அமர்வை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

கரும்பலகையில் முதலில் வரைபடத்தைக் கீறுங்கள். ரஷ்ய எல்லையையொட்டி டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் (இவ்விரண்டும் சேர்ந்ததே டொன்பாஸ்), அவற்றுக்கு வடமேற்கே கார்கிவ், தெற்கே கிரைமியா, இவை போதும். அதன் பின்னர் திகதிகள். பெரும்பாலானோர் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கிய 2022 பெப்ரவரி 24இலிருந்தே தொடங்குவார்கள். அவர்களை எட்டு ஆண்டுகள் பின்னே அழைத்துச் செல்ல வேண்டும். 2014 பெப்ரவரியில் ஜனாதிபதி யானுகோவிச் தலைநகரை விட்டு ஓடினார். மார்ச் 18இல் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஏப்ரல் 7இல் டொனெட்ஸ்கில் ‘மக்கள் குடியரசு’ பிரகடனமாயிற்று. 12இல் ஆயுதக்குழுவொன்று ஸ்லோவியான்ஸ்க் நகரைக் கைப்பற்றியது.

இனிப் பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் உள்ளூர்க் குறைகளையும் வலப்பக்கம் வெளியார் கையையும் எழுதுவியுங்கள். நிலக்கரிச் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் உழைத்த, பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசிய மக்களுக்கு யானுகோவிச் தங்கள் ஊர்க்காரர். அவர் போன கையோடு, ரஷ்ய மொழிக்குப் பிராந்திய மொழி நிலை தந்த மொழிச்சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது, அது நடைமுறைக்கு வராமலே நின்றபோதும், அச்சத்தைக் கிளப்பிவிட்டது. இவை இடப்பக்கம். ஸ்லோவியான்ஸ்கைப் பிடித்த குழுவின் தலைவர் இகோர் கிர்கின் ரஷ்யக் குடிமகன், அந்நாட்டு உளவுச்சேவையின் முன்னாள் அதிகாரி. டொனெட்ஸ்கின் முதல் ‘பிரதமர்’ அலெக்ஸாண்டர் போரதாய் மொஸ்கோவாசி. ஓகஸ்டில் இலோவைஸ்கில் ரஷ்யாவின் வழக்கமான படைகளே இறங்கின. இவை வலப்பக்கம். 2014 மே 11 முதல் அப்பகுதிகள் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தன என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்மானித்ததையும் அங்கே சேர்த்துவிடலாம்.

இரு பக்கமும் நிரம்பிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கார்கிவும் ரஷ்ய மொழி பேசும் நகரம்; அங்கும் அதே ஏப்ரலில் குடியரசு பிரகடனமாகி, மறுநாளே அரச கட்டடம் மீட்கப்பட்டு அந்த முயற்சி அடங்கிப்போயிற்று. அப்படியென்றால் டொனெட்ஸ்கிலும் லுஹான்ஸ்கிலும் மட்டும் அது ஏன் நிலைத்தது? மொழியொன்றே காரணமென்ற விடை இதில் உடைந்துபோகும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். என் அனுபவத்தில் அமர்வின் சிறந்த அரை மணித்தியாலம் இதுவே.

சொற்களில் கவனம் தேவை. உக்ரேன் அரசு தன் படைநடவடிக்கையை 2018 வரை ‘பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை’ என்றே அழைத்தது. எதிர்த்தரப்பு தன்னை மக்கள் படை என்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் அதைச் சொல்பவர் யாரென்று எழுதச் சொல்லுங்கள். இதை வன்னியில் விளக்கிச் சொல்லத் தேவை இராது.

நம் ஊர் அனுபவம் கைகொடுக்கும் இடம் போர்நிறுத்தக் கோடுதான். 2014 செப்டெம்பரிலும் 2015 பெப்ரவரியிலும் மின்ஸ்கில் உடன்பாடுகள் எழுதப்பட்டன, கண்காணிப்பாளர்களும் இருந்தார்கள். ஆயினும் 2021 முடிவில் இறந்தோர் 14,000 பேரைத் தாண்டியிருந்தார்கள் என்பது ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு. அந்தக் கோட்டில் ஸ்டானிட்சியா லுஹான்ஸ்கா என்ற இடத்தில் போரில் உடைந்த பாலமொன்று இருந்தது. உக்ரேன் அரசின் ஓய்வூதியத்தைப் பெற முதியவர்கள் அதன் மரச்சரிவுகளில் ஏறியிறங்கிக் கால்நடையாகக் கடந்தார்கள். 2019 நவம்பரில்தான் பாலம் திருத்தப்பட்டது. அந்த வரிசையின் படத்தை நான் காட்டியபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பலமுறை நின்றிருந்த ஓர் அம்மா படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “குடையும் இல்லாமல் நிக்கினம், பாவங்கள்” என்றார். வரைபடம் முடிந்த பின்பே படத்தைக் காட்டுங்கள். முன்னரே காட்டினால் வரைபடத்தை எவரும் பார்க்கமாட்டார்கள்.

இலங்கையின் நிலைப்பாட்டைக் கேட்பார்கள், ஆயத்தமாக இருங்கள். 2014 மார்ச் 27இல் கிரைமியா தொடர்பான பொதுச்சபைத் தீர்மானத்தில் இலங்கை வாக்களிப்பைத் தவிர்த்தது. அதே நாளில் ஜெனீவாவில் இலங்கைப் போர் பற்றிய விசாரணைக்கு வழிவகுத்த தீர்மானம் நிறைவேறியது. ரஷ்யா அதை எதிர்த்து வாக்களித்தது. 2022 ஒக்டோபர் 12இல், உக்ரேன் பகுதிகளை ரஷ்யா இணைத்ததைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்திலும் இலங்கை தவிர்த்தது. இவற்றை அருகருகே எழுதிவிட்டுச் சற்று மௌனமாக இருங்கள்.

“அப்ப இது எங்கட பிரச்சினை போலயோ?” என்று எவராவது கேட்டே தீருவார். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல், மேலும் இரு திகதிகளைக் கொடுங்கள்: அந்தக் குடியரசுகளை ரஷ்யா அங்கீகரித்தது 2022 பெப்ரவரி 21இல், அவற்றைத் தன் நிலமாகவே அறிவித்தது அதே ஆண்டு செப்டெம்பர் 30இல். தனிநாடாக அங்கீகாரம் பெற்றிருந்த காலம் ஏழு மாதமும் சில நாள்களும். அடுத்த அமர்வுக்கு மொல்டோவாவின் ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவை வைத்துக்கொள்ளலாம்: 1990இல் பிரகடனம், 1992இல் போர், இன்றும் அங்கே ரஷ்யப் படை நிற்கிறது, ஆனால் ரஷ்யாவே அதை அங்கீகரிக்கவில்லை.